துண்டை எடுக்கக் குனிந்தவர்

ஆலை வாசலில் சுட்ட அன்று என் வீட்டுக்காரர் தப்பித்தது ஒரு துண்டால்தான். தோளில் கிடந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த கூட்டாளியின் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. இவர் நிமிர்ந்து திரும்பியபோது கூட்டாளி தரையில் கிடந்தார். நடந்தது இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம் ஆகாது. ஆனால் என் வீட்டுக்காரர் அதற்குள்ளேயே வருஷக்கணக்கில் இருந்தார். அவரோடு நானும் இருந்தேன்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது அது. புதுச்சேரியில் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி. நாங்கள் முதலியார்பேட்டைப் பக்கம் குடியிருந்தோம். ஆலைச் சங்கு ஊதினால் அடுக்கிலிருக்கும் பாத்திரம் லேசாகச் சத்தம் போடும், அவ்வளவு பக்கம். அவருக்குத் தறியில் வேலை. எனக்கு நூலைச் சுற்றிச் சிட்டம் கட்டும் பிரிவில். இருட்டோடு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவோம். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் எங்கள் வீட்டு வாசலில் வெயில் எப்படி விழும் என்றுகூட எனக்குத் தெரியாது. வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித்தான் எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் ஆலையை விட்டு நகராமல் உட்கார்ந்தார்கள். பிறகு துப்பாக்கியோடு சர்க்காரின் சொல்தாக்கள் வந்தார்கள்.

கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் இவரும் பக்கத்துப் பக்கத்துத் தறி. எங்கள் தெருவிலேயே, கொஞ்சம் தள்ளி, அவர் வீடு. நாங்கள் வேதக்காரர்கள். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகும், ஆடி மாதம் அவர்கள் வீட்டுக் கூழ் இங்கே வரும். இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் போய் நிற்கிறவர் அந்த மனிதர். அவருக்குச் சின்னச் சின்னப் பிள்ளைகள். எங்களுக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டாளி அளவுக்கு நல்லவர் என்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமை சாராயக் கடைக்குப் போவார், சின்ன விஷயத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அடுத்தவர் வீட்டு வம்புக்குப் போகாத மாதிரி உதவிக்கும் போக மாட்டார். இது அவருக்கும் தெரியும். தெரிந்ததுதான் பிறகு அவரைத் தின்றது.

அன்று அவர் வீட்டுக்குள் வந்தபோது சட்டையெல்லாம் ரத்தம். நான் பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றி, காயம் எங்கே என்று முதுகிலும் மார்பிலும் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

“எனக்கு ஒண்ணும் இல்ல. துண்டு வுழுந்திச்சி,” என்றார்.

“யாரு ரத்தங்க இது?”

“துண்டு வுழுந்திச்சி. எடுத்தேன்.”

வேறு எதைக் கேட்டாலும் இதையேதான் சொன்னார். கூட்டாளி வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடக்கமெல்லாம் முடிந்து தெரு கொஞ்சம் அடங்கியதும் ஆட்கள் இவரைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். சாவின் பக்கத்தில் நின்று திரும்பியவரைப் பார்க்க ஜனங்களுக்கு ஒரு ஆசை இருக்கிறது. இவர் துண்டு விழுந்த கதையைச் சொல்வார். கேட்டவர்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எங்கள் மாதா கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரும் வந்தார். கதையைக் கேட்டுவிட்டு, “சர்வேசுரன் ஒன்ன எதுக்கோ வச்சிருக்காரு. காரணம் இல்லாம காப்பாத்த மாட்டாரு,” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் அப்போது அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அந்த ‘எதுக்கோ’ என்ற சொல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், கை நின்றுவிடும். “எதுக்குன்னு நெனைக்கிற?” என்பார். “சாப்பிடுங்க,” என்பேன்.

குனிவது எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாசற்படியைத் தாண்டும்போது குனிந்து தரையைத் தொட்டதை ஒரு நாள் பார்த்தேன். ஏதோ விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன். அப்புறம் தெருமுனையில் குனிந்தார். ஆலை மறுபடியும் திறந்ததும் அதன் வாசலில் குனிந்தார். சங்கு ஊதும்போது எங்கே நின்றாலும் அப்படியே மடிந்து, ஒரு கையால் மண்ணைத் தொட்டபடி, சத்தம் ஓயும்வரை இருப்பார். காலையில் கூட்டமாக வேலைக்குப் போகும்போது இவர் திடீரென்று குனிவார். பின்னால் வருகிறவர்கள் மோதிக்கொள்வார்கள்.

“ஏங்க இப்பிடி குனியிறீங்க?”

“கால்ல இன்னாவோ குத்துச்சி.”

இன்னொரு தடவை கேட்டபோது கோபப்பட்டார். மூன்றாம் தடவை, பிற்பகலில் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவராகவே சொன்னார்.

“குனிஞ்சவனுக்கு ஒண்ணும் ஆவல. நிமுந்து நின்னவன்தான் செத்தான். நீயே சொல்லு.”

அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. குனிந்தார், பிழைத்தார். அடுத்த குண்டு எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததற்கு எதிரே மனுஷன் கையில் ஏதாவது ஒன்று வேண்டும். கயிறோ, ஜெபமாலையோ, தாயத்தோ. இவருக்குக் கிடைத்தது அவர் முதுகுதான். அதை வளைத்தால் உயிர் இருக்கும் என்று நம்பினார். அது வெறும் துண்டு, நழுவியது, வேறு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவர் கையில் என்ன மிஞ்சும்? அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

தெருப் பிள்ளைகள் அவரைப் போலவே குனிந்து காட்டி விளையாடினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் உடம்பு கூசியது. தறியில் நின்றபடியே அடிக்கடி குனிந்ததால் இழை அறுவதைக் கவனிக்காமல் விட்டார். துணியில் ஓட்டை விழுந்தது. மேஸ்திரி கத்தினார். தறிப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் சிட்டம் கட்டும் இடத்தில் வந்து சொல்வார்கள்: “ஒன் வூட்டுக்காரர இன்னிக்கும் திட்டுனாங்க.” நான் தலையைத் தூக்காமல் நூலைச் சுற்றிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் அவரை எங்கள் கோயில் சாமியாரிடம் அழைத்துப் போனேன். சாமியார் வெள்ளைக்காரர். புத்தகத்தில் இருக்கிற மாதிரி தமிழ் பேசுவார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பக்கத்தில் கை கட்டி நின்றார்.

“நீர் பயப்படக் கூடாது. சர்வேசுரன் உம்மைக் காப்பாற்றினார். அவருக்கு நன்றி சொல்லும்,” என்றார் சாமியார்.

“சாமி, ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளும்.”

“என்னக் குனிய வச்சது சர்வேசுரன்னா, அவன நிமுந்து நிக்க வச்சது யாருங்க?”

சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கியின் ஓரத்தில் துடைத்தார். வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

“ஜெபம் செய்யும்,” என்றார் கடைசியில்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவராகவே எங்கள் வீட்டுக்கு வந்து, போட்ட பலகையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். பதில் இல்லாதவர் செய்யக்கூடியது அதுதான் என்று நினைத்தாரோ என்னவோ.

சாமியாரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு இவர் தானாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். கூட்டாளியின் குடும்பத்துக்காகத்தான் தன்னை வைத்திருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த தெளிவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வேலை விட்டதும் நேரே அந்த வீட்டுக்குப் போனார். விளக்கு வெளிச்சத்தில் கூரையில் பொத்தல் விழுந்த இடத்தில் புதுக் கீற்று வைத்தார். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மணலில் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சாராயக் கடைப் பக்கம் போவதில்லை. குனிவதும் குறைந்தது. வாசலில் மட்டும், அதுவும் ஒரு சின்னத் தலையசைப்பு போல. நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

கூட்டாளியின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் துணி துவைக்கிற இடத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துணியை நனைத்தாள், பிழிந்தாள், மறுபடியும் நனைத்தாள்.

“ஒன்னாண்ட ஒண்ணு சொல்லணும். தப்பா நெனைக்காத.”

“சொல்லுக்கா.”

“அண்ணன இனிமே வர வேணாம்னு சொல்லு.”

எனக்கு முதலில் வேறு மாதிரி தோன்றியது. தெருவில் யாராவது ஏதாவது பேசியிருப்பார்களோ என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டினாள்.

“அதெல்லாம் இல்ல. தங்கமான மனுசன். ஒரு நாள் ஏறெடுத்துப் பாத்ததில்ல. ஆனா அவரு உள்ள வரும்போது குனியிறாரு பாரு, அப்போல்லாம் எனக்கு எங்க வூட்டுக்காரரு பின்னால நிக்கிற மாதிரியே இருக்குது. தெனம் அவரு சாவுறத பாக்க வேண்டியிருக்கு. பிள்ளைங்க மறக்கப் பாக்குது. நானும் பாக்குறேன். அண்ணன் வந்தா முடியல.”

“நான் எப்பிடிக்கா சொல்லுவேன்?”

“எனக்கும் தெரியல. அதான் ஒன்னாண்ட சொல்றேன்.”

அவள் சொன்னது நியாயம். அவர் போனதும் நியாயம். ஒருவர் மூச்சு விடுவதற்கு வேண்டியது இன்னொருவருக்கு மூச்சு முட்டுகிறது. நடுவில் இருந்துகொண்டு நான் எந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவது, எந்தப் பக்கத்தை அடைப்பது? சில நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னேன். அக்காவின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொல்லவில்லை. பார்த்தால் பழைய நினைப்பு வருகிறதாம், கொஞ்ச நாள் போக வேண்டாம் என்றேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார்.

“அப்போ அதுக்கில்லியா?” என்றார்.

கோபம் இல்லை. வழி தப்பி வேறு ஊருக்கு வந்துவிட்டவர் கேட்கிற மாதிரி கேட்டார். போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அன்று சாயங்காலம் முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து குனிவது பழையபடி, முன்னைவிட அதிகமாகவே வந்துவிட்டது.

இதற்கிடையில் ஊரில் மாற்றம் நடந்தது. வேலை நேரத்தைக் குறைத்துச் சட்டம் போட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தோம். தெருவே கொண்டாடியது. அன்று ஆலை வாசலில் செத்தவர்களால் கிடைத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் எதற்குச் செத்தார்கள் என்பதற்கு ஊருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. இவர் எதற்குப் பிழைத்தார் என்பதற்கு ஒருத்தரிடமும் பதில் இல்லை. கிடைத்த அந்த வெளிச்சமான சாயங்காலங்களை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கடற்கரை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வருவார்.

அப்போதுதான் எனக்கு உண்டானது. நம்பிக்கையே விட்டுப்போயிருந்த வயதில். உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னால் நின்றார்.

“இதுக்குத்தான்,” என்றார். “இதுக்குத்தாண்டி. எனக்குத் தெரியாமப் போச்சி.”

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். என்னைக் குடம் தூக்க விடவில்லை. ஆலையில் இழை அறுந்தால் உடனே முடிச்சுப் போட்டார். மேஸ்திரி ஆச்சரியப்பட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். தேங்காய்த்திட்டுக்கு நடந்துபோய்ப் படகிலிருந்து இறக்கின மீனாகப் பார்த்து வாங்கிவந்து, “பிள்ளைக்கு நல்லது,” என்று தானே கழுவிக் கொடுத்தார். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இருந்தாலும் வயிற்றில் கையை வைக்கும்போது வேறு நினைப்பு வரும். பிறக்கிற பிள்ளை பாலுக்கு அழும், தூங்கும், விளையாடும். ஒரு மனுஷனின் உயிருக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? அந்தப் பாரத்தை அது தாங்குமா என்று நினைத்துக்கொள்வேன். அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவர் அவ்வளவு நன்றாக இருந்தார்.

பெண் பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானம் கொடுத்தோம். வாசலிலும் சங்குக்கும் குனிவதை அவர் அப்போதும் விடவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கும்போது குனிவதுதான் வேறு. அது எல்லாத் தகப்பன்மாரும் குனிகிற குனிவு. அது தலை நின்று, முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்த சமயத்தில் மழைக்காலம் வந்தது. தெருவெல்லாம் தண்ணீர். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. கைவைத்தியம் பார்த்தோம், பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்தவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். கன்னியாஸ்திரி அம்மா ஒருத்தர் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் பால் கொடுக்கப் பார்த்தேன், அது வாயைத் திறக்கவில்லை. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நண்பகலில், நல்ல வெளிச்சத்தில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அடங்கிவிட்டது.

சின்னப் பெட்டி. அவரே தூக்கிக்கொண்டு போனார். கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோது நான் வீட்டுக்குள் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தெருவில் வருவது தெரிந்தது. வாசற்படியைத் தாண்டினார். குனியவில்லை. அந்தச் சமயம் பார்த்து ஆலைச் சங்கு ஊதியது. அதற்கும் அவர் நிமிர்ந்தபடியே நடந்து வந்து மூலையில் உட்கார்ந்தார்.

அவர் குனியாமல் நடக்க வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன். அன்று அதைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. சாவு வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டவரின் முதுகு அது. பயம் இருந்தவரைக்கும் அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது. அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. எழுந்துபோய் அவரைத் தொடாமல், இருந்த இடத்திலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர் சாப்பிடவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. நானும் சொல்கிற நிலையில் இல்லை. அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ அக்கா வந்தாள். நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். கிடந்த பாத்திரங்களைக் கழுவினாள், கஞ்சி வைத்தாள், துவையல் அரைத்தாள். கிண்ணத்தைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

“சாப்புடுங்கண்ணே.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வர வேண்டாம் என்று சொன்ன பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

“ஆறிப்போவுது,” என்றாள் அக்கா.

கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். அக்கா காலிக் கிண்ணத்தை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாட்களிலும் வந்தாள். ஆறுதலாக அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆலைக்குப் போக அவர் மறுபடியும் எழுந்திருந்ததற்கு நான் காரணம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. அவர் வேலைக்குப் போனார், வந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார். ‘எதுக்கு’ என்ற பேச்சை எடுக்கவே இல்லை. கேள்வி அவரை விட்டு இறங்கி என்மேல் ஏறிக்கொண்டது. ஒன்பது மாசம் சுமக்க வைத்து, சிரிக்கிறவரைக்கும் விட்டு, அப்புறம் எடுத்துக்கொள்வது எதற்கு? சாமியார் சொன்ன மாதிரி ஜெபம் செய்தேன். சனிக்கிழமைகளில் வேலை முடிந்து வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடந்து போக ஆரம்பித்தேன். யாராவது எதையாவது சொல்லமாட்டார்களா என்று இருந்தது. மாதா, ஒரு கனவு, பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிற முன்பின் தெரியாத ஒரு பெண், யாராக இருந்தாலும் சரி.

தனியாகப் போக வேண்டாம் என்று அவரும் கூட வருவார். கோயிலுக்குள் மட்டும் வர மாட்டார். எதிரே இருக்கிற குளத்துப் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை சனிக்கிழமை போக முடியாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தோம். நான் உள்ளே ரொம்ப நேரம் இருந்துவிட்டேன். வெளியே வந்தபோது அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

“கேட்டியா?”

நான் என்ன கேட்கப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொன்னதே இல்லை.

“கேட்டேன்.”

“இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

அவர் கோயிலின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“செரி வா. வெயில் ஏறுது,” என்றார்.

என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் பின்னாலேயே நானும் ஊரைப் பார்த்து நடந்தேன்.